மூக்காயியின் எதிரொலி இல்லாத பொந்து

ஒரு காட்டில் கத்துவதையே உத்தியோகமாகக் கொண்ட மந்தி ஒருத்தி இருந்தாள். பெயர் மூக்காயி. ஓடைக்கரை மருத மரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்திருப்பாள். புலியின் வால் நுனி தெரிந்தால் போதும், "புலி! புலி!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். கீழே மேய்ந்துகொண்டிருக்கும் பூவாத்தா என்ற புள்ளிமான் ஒரே பாய்ச்சலில் மறைந்துவிடுவாள். மூக்காயி மேலிருந்து உதிர்த்துவிடும் இலைதான் பூவாத்தாவுக்குச் சாப்பாடு. ஏழு வருடமாக இரண்டு பேரும் இப்படித்தான் காலத்தை ஓட்டினார்கள். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை, ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் 'எச்சரிக்கை நவீனமயக் குழு' என்று ஒன்றை ஆரம்பித்தார். எல்லோரும் வற்புறுத்தியதால், அதாவது யாரும் மறுத்துப் பேசாததால், தலைவர் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார். குழுவின் முதல் அறிக்கையில் புலியார் மனம் வருந்தி இப்படிச் சொல்லியிருந்தார்: "இப்போதைய எச்சரிக்கைகள் தரமாக இல்லை. மலையில் பட்டு எதிரொலிப்பதால், நான் ஒருவன் வந்தாலும் மூன்று பேர் வருவதுபோல் கேட்கிறது. வீண் பீதி. நான் வருகிறேன் என்பது எனக்கே தெளிவாகக் கேட்பதில்லை."

ஆகவே, இனிமேல் காடு முழுக்க ஒரே குரல், அதுவும் பதிவு செய்த குரல், ஸ்பீக்கரில் ஒலிக்கும். விருப்பமுள்ளவர்கள் எதிரொலி இல்லாத அறையில் பதிவு செய்த மாதிரியோடு விண்ணப்பிக்கலாம். அறை சரியாக இருக்கிறது என்று ஒலி ஆலோசகரின் சான்றிதழும் இணைக்க வேண்டும். தேர்வாகாதவர்கள் அதற்குப் பிறகு வாயைத் திறக்கக் கூடாது.

மூக்காயி அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். மயில் ஏற்கெனவே விண்ணப்பம் வாங்கிவிட்டதாம். அதற்கு வேலை கிடைத்துவிட்டால்? கண்ணெதிரே பூவாத்தாவைப் புலி அடித்தாலும் தான் கையைக் கட்டி, வாயைப் பொத்திக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை நினைத்துப் பார்க்கக்கூட அவளால் முடியவில்லை. இரண்டு நாள் வரிசையில் நின்று, காட்டுப்பன்றியிடம் இடிபட்டு, விண்ணப்பத்தாளோடு வீடு வந்து சேர்ந்தாள்.

மருத மரத்தின் அடியில் ஒரு பொந்து இருந்தது. உள்ளே மைக்கை வைத்துப் பேசிப் பார்த்தாள். குடத்துக்குள் தலையை விட்டுக் கத்துவதுபோல் இருந்தது.

எதிர்மரத்து மலையணில் தலையை நீட்டியது. "தூக்கணாங்குருவிக் கூட்டைச் சுவரு பூரா ஒட்டுக்கா. எல்லாரும் அதைத்தான் ஒட்டுறாங்க."

"ஒட்டினா எதிரொலி போயிருமா?"

"அது தெரியாது. ஆனா பாக்க ஸ்டுடியோ மாதிரியே இருக்கும்."

குருவிகள் காலிசெய்த கூடுகளாகத் தேடிப் பிடித்து, நாற்பதை ஒட்டினாள். ஸ்டுடியோ மாதிரியேதான் இருந்தது. சத்தம் மட்டும் பழைய பொந்து மாதிரி இருந்தது.

வேறு வழியில்லாமல் ஒலி ஆலோசகர் வரதப்பனை வரவழைத்தாள். அவர் வௌவால். எதிரொலியைக் கேட்டே பறக்கிறவர் என்பதால் காட்டில் அவருக்குத் தனி மரியாதை. வந்தவர் பொந்தின் கூரையில் தலைகீழாகத் தொங்கினார், வாயைப் பெரிதாகத் திறந்தார், மூடினார்.

"கேட்டுச்சாம்மா?"

"ஒண்ணுமே கேக்கலையே சார்."

"கேக்காது. அதைக் கேக்கத்தான் நான் இருக்கேன்." கண்ணை மூடி யோசித்தார். "கீச்சுச் சத்தம் கொஞ்சம் கூட்டுல அடங்குது. கனமான சத்தம் மூலையில போய் உக்காந்துக்கிட்டு எழுந்திரிக்க மாட்டேங்குது. மூலைக்கு மூலை இலவம்பஞ்சு மூட்டை போடுங்க. சுவத்துக்கு ஒரு சாண் கனத்துல பஞ்சு மெத்தை."

"முள்ளம்பன்றி முள்ளுல செஞ்ச பலகை நல்லதுன்னு சொன்னாங்களே?"

"அது சத்தத்தைச் சிதறடிக்கும். பெரிய குகைக்குச் சரி. இந்தப் பொந்துல வச்சா உங்களைத்தான் குத்தும்."

பத்து நாள் பஞ்சு பொறுக்கினாள். பூவாத்தாதான் மூட்டைகளை முதுகில் சுமந்து வந்தாள். இத்தனை நாளும் மரத்தின் மேல் ஆளில்லை என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. முக்கியமான வேலையில் இருப்பவர்களுக்கு அப்படித்தான்.

பஞ்சு வைத்ததும் குரல் கணீரென்று விழுந்தது. ஆனால் பதிவைப் போட்டுக் கேட்ட வரதப்பன் முகம் சுளித்தார். "பின்னால யாரோ மெல்லுறாங்களே?"

பூவாத்தா வெட்கத்தோடு தலையைக் குனிந்தாள். "நான்தாங்க. வெளியில புல்லு மேஞ்சுக்கிட்டிருந்தேன்."

"பஞ்சு உள்ளே இருக்கிற எதிரொலியைத்தான் அடக்கும். வெளிச்சத்தம் வராம இருக்கணும்னா கனம் வேணும். தடிப் பலகையில கதவு போட்டு, மண்ணை அப்பி, இடுக்கு இல்லாம அடைங்கம்மா."

பூவாத்தா தன் நாலு குளம்பாலும் மண்ணை மிதித்துக் குழைத்துக் கொடுத்தாள். மூக்காயி அப்பினாள். வேலை முடிந்ததும் வரதப்பன் இறுதிச் சோதனைக்கு வந்தார். உள்ளே பறந்தார், வாயைத் திறந்தார். ஒன்றும் திரும்பி வரவில்லை. நேராகப் போய்ச் சுவரில் மோதிக் கீழே விழுந்தார்.

"சுவத்தையே காணோம்! பிரமாதம்மா, பிரமாதம்!" என்று விழுந்த இடத்திலேயே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. பதிவு செய்யும் நாள், நேரம், அந்த நேரத்தில் மரத்தின் மேல் காவல் இருப்பவர் பெயர். மூக்காயி நேர்மையானவள். 'வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி, யாருமில்லை' என்று குண்டு குண்டாக எழுதி, முன்கூட்டியே குழுவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பூவாத்தா மரத்தடியில் நின்றாள். "நீ உள்ளே போயிட்டா மேல இருந்து யாருடி பாத்துக்குவா?"

"ரெண்டே நிமிஷம்டி. இந்த வேலை கிடைச்சாத்தான் உன்னை நான் காலம் பூரா காப்பாத்த முடியும். நீ இங்கேயே நில்லு."

கதவு மூடியது. முதல் தடவை 'பு' என்றபோது மூச்சு மைக்கில் பட்டு வெடித்தது. முகத்தைக் கொஞ்சம் திருப்பிச் சொன்னாள். இரண்டாவது தடவை குரலில் பதற்றம் போதவில்லை. மூன்றாவது தடவை பதற்றம் அதிகமாகி நாடகம்போல் ஆகிவிட்டது. பதினோராவது தடவை, பூவாத்தாவை மனத்தில் நிறுத்திக்கொண்டு, உயிரைக் கொடுத்துக் கத்தினாள். "புலி! புலி! ஓடு!" இந்தக் காட்டில் அதுவரை யாரும் அப்படி ஒரு எச்சரிக்கையைக் கத்தியதில்லை. அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

புலியார் மரத்தடியில் உட்கார்ந்து வாயோரத்தை நக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூவாத்தாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"நேரத்தைச் சரியாக எழுதியிருந்தாயம்மா, அதனால் நேரிலேயே ஆய்வுக்கு வந்துவிட்டேன்" என்றார் புலியார். "உள்ளே நீ கத்தியது ஒரு பொட்டுகூட வெளியே கேட்கவில்லை. அருமையான அறை. மயிலின் விண்ணப்பத்தை இப்போதே தள்ளுபடி செய்கிறேன்." பதிவை அங்கேயே வாங்கிக் கேட்டார். எதிரொலி: இல்லை. பின்னணிச் சத்தம்: இல்லை. நூற்றுக்கு நூறு போட்டு, நியமன உத்தரவை அவள் கையில் திணித்துவிட்டு, ஏப்பம் விட்டபடி நடந்தார்.

மூக்காயி உத்தரவைக் கீழே போட்டாள். பொந்துக்குள் போய்ப் பதிவை மறுபடி போட்டாள். பூவாத்தா கடைசியில் 'மூக்காயி' என்று நிச்சயம் கூப்பிட்டிருப்பாள். அந்தக் குரல் எங்கேயாவது கொஞ்சம் விழுந்திருக்காதா என்று, காதை ஒட்டிவைத்து, பதினோரு பதிவையும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒன்றிலும் இல்லை. அவளுடைய குரல் மட்டும் சுத்தமாக இருந்தது.

நீதி: அபாயத்தை அறிவிக்க விரும்புவோர் முதலில் நல்ல பஞ்சாகப் பார்த்து எடுக்கவும், கேட்க ஆள் மிச்சம் இருக்கிறதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.