பாதையைத் திருத்தும் உரிமை

லாரி வளைவு வரைக்கும் வந்தது. அங்கே ஒருமுறை முக்கியது. பின்சக்கரங்கள் சேற்றில் இறங்கியதும் அது தன் வேலை முடிந்ததுபோல் அடங்கிவிட்டது.

"இதுக்கு மேல போகாது சார்," என்றார் ஓட்டுநர். "காலி வண்டியே இறங்குது. மரத்தை ஏத்திட்டு வந்தா அப்புறம் வண்டியைத் தோண்டித்தான் எடுக்கணும்."

கேட்டுக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற துணை இயக்குநர். எந்தத் துறை என்பது அவருக்கே இப்போது முக்கியமில்லை. துணை இயக்குநர் என்பதுதான் முக்கியம். எதைப் பேசினாலும் 'சட்டப்படி' என்று தொடங்குவார். அதனால் சொந்தக்காரர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு அதையே பெயராக வைத்திருந்தார்கள்.

வளைவுக்கு அந்தப் பக்கம் சட்டப்படியின் மரத்தோப்பு. இந்தப் பக்கம் பெரிய சாலை. நடுவில் கிடந்த நிலமும் பாதையும் அவர் மனைவியின் தம்பிக்குச் சொந்தம். பாதையில் போய்வரும் உரிமை மட்டும் இவருக்கு உண்டு.

மழைக்குள் மரத்தை விற்று வீட்டுக் கூரையை மாற்றிவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். போன மழையில் ஒழுகாத இடம் தேடிக் கட்டிலை வீடு முழுக்க ஊர்வலம் விட்டு, கடைசியில் அடுப்படியில் படுத்தவள் அவள்.

"இந்த மழைக்கும் ஒழுகிச்சுன்னா நான் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன்," என்று சொல்லியிருந்தாள். கத்திச் சொல்லியிருந்தால் அவர் பொருட்படுத்தியிருக்க மாட்டார். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

லாரி திரும்பிப் போன அன்று அவள் ஒரு யோசனை சொன்னாள். "நம்ம மரத்துலயே கொஞ்சம் அறுத்துக் கூரைக்குப் போட்டுட்டா என்னங்க?"

"விக்கிற மரத்தை வீட்டுக்குப் போடறவனுக்கு என்ன பேரு தெரியுமா?"

"நனையாதவன்."

அவர் வக்கீலிடம் போனார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டு சிந்தித்தார். தூங்கவில்லை என்பதற்கு அடையாளமாக ஒரு விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பாதையில போறது ஒரு உரிமை. பாதையை மாத்தறது வேற உரிமை. மரம் கொண்டுபோறதுக்குன்னா நீங்க திருத்தலாம் சார். ஆனா பாதைக்காரருக்கு அதனால ஒரு சங்கடமும் வரக் கூடாது. வந்தா நீங்கதான் சரிபண்ணணும்."

சட்டப்படி இதை மைத்துனரிடம் அறிவித்தபோது மைத்துனர் கைகட்டிக் கேட்டார். வாழ்நாளில் யாரிடமும் 'மாட்டேன்' என்று சொல்லாத மனிதர்.

"தாராளமா செய்யுங்க அத்தான். உங்களுக்கு இல்லாத பாதையா?"

வளைவில் ஜல்லி கொட்ட வேண்டும். ஜல்லி வர லாரி வேண்டும். லாரி வர ஜல்லி வேண்டும். இந்தச் சிக்கலைத் துணை இயக்குநர் மூளை ஒரே நொடியில் அவிழ்த்தது: பக்கத்திலேயே மரம் இருக்கிறதே. தோப்பின் முன்வரிசை சாய்ந்தது. கட்டைகளை நெருக்கி நெருக்கிக் குறுக்கே படுக்கவைத்து மண்ணில் பதித்தார்கள். பாதை உயர்ந்து, இறுகி, பார்க்கவே கம்பீரமாக இருந்தது.

ஒரு தூறல் விழுந்தது. மைத்துனர் வந்தார்.

"அத்தான், சின்ன விஷயம். ரோடு ஒசந்துட்டதால தண்ணி எல்லாம் கொட்டகைக்கு வருது. மாடு நீந்துது."

பாதையோரமாக வாய்க்கால் வெட்டினார். வாய்க்கால் மைத்துனர் வீட்டு வாசலுக்குக் குறுக்கே போனது.

"நல்லா இருக்கு அத்தான். எங்க வீட்டுக்குள்ள நான் தாண்டிக் குதிச்சுப் போகணுமான்னு சும்மா தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

வாய்க்கால்மேல் பாலம் வந்தது. மைத்துனரின் வண்டியைத் தாங்க வேண்டுமே என்று தோப்பிலேயே பருத்த மரங்களாகப் பார்த்து வெட்டினார். பாலத்தின் பாரத்தில் வாய்க்கால் கரை சரிந்தது. கரை நெடுக முளை அடித்தார். நடுவரிசை போனது.

இனி ஒன்றுமில்லை என்றிருந்தபோது மைத்துனரின் மனைவி வந்தாள்.

"லாரி ஒசரத்துல உக்காந்து பாத்தா எங்க குளியலறைக்குள்ள வரைக்கும் தெரியும் அண்ணா. ஓட்டறவங்க ரோட்டைப் பாப்பாங்களா?"

சட்டத்தின் பார்வையில் இதுவும் சங்கடம்தான் என்றார் வக்கீல். கோட்டைச் சுவருக்குச் சவால் விடும் உயரத்தில் பலகை வேலி எழுந்தது. தோப்பில் இப்போது பின்வரிசையும் நிறைய வெளிச்சமும் மிச்சம் இருந்தன.

மனைவி வந்து வேலியைத் தடவிப் பார்த்தாள். "நம்ம கூரைக்கு இதுல பாதி போதும் போலிருக்கே."

"இது முதலீடு. உனக்குப் புரியாது."

"எனக்கு ஒழுகறது மட்டும்தான் புரியும்."

அப்போதுதான் மைத்துனர் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார். "அத்தான், பின்னால இந்தக் கட்டையெல்லாம் உளுத்துப்போனா யாரு மாத்தறது?"

துணை இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கலையில் பணிக்காலம் முழுவதையும் செலவிட்டவரிடம் கேட்கிற கேள்வியா இது? வக்கீல் வீட்டுக்குப் போனவர் வெற்றியோடு திரும்பினார்.

"சட்டப்படி, நிலத்துல பதிச்சது நிலத்துக்காரனுக்கு. கட்டை, பாலம், முளை, வேலி எல்லாம் இன்னியிலிருந்து உன்னோடது. பராமரிப்பும் உன் தலையில."

"ஐயோ, வேண்டாம் அத்தான். உங்க மரம், உங்க உழைப்பு. நான் எப்படி..."

"பேசாம வாங்கிக்க. இந்தப் பத்திரத்துல கையெழுத்தைப் போடு."

மைத்துனர் தயங்கித் தயங்கி, பேனாவை இரண்டு முறை கீழே வைத்து, கடைசியில் பெரியவர் பேச்சைத் தட்டக்கூடாது என்று போட்டார்.

"உன் தம்பிக்கு உலகமே தெரியல," என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார் சட்டப்படி. "சுமையைத் தூக்கித் தலையில வெச்சேன். கும்பிட்டுட்டுப் போறான்."

அவள் வாளிகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மைத்துனர் அடுத்த உதவியையும் தாமாகவே செய்தார். "லாரிக்கு நீங்க அலைய வேண்டாம் அத்தான். மரக்கடையில நானே பேசிட்டேன். காலையில வந்துடும்."

காலையில் வானம் கறுத்திருந்தது. சட்டப்படி இஸ்திரி போட்ட சட்டையில் பாதையோரம் நின்றார். மனைவியும் வந்திருந்தாள், ஒரு கையில் குடை, மறு கையில் துணிப்பை. பை எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அதே லாரி, அதே ஓட்டுநர். வளைவில் ஏறிய சக்கரம் இம்மியும் இறங்கவில்லை. வாழ்க்கையில் தாம் போட்ட ஒரு கோப்பாவது கடைசிவரை நகர்ந்ததை அவர் முதல் முறையாகக் கண்ணால் பார்த்தார். தோப்பை நோக்கிக் கையை நீட்டி, "நேரா உள்ள போங்க," என்றார்.

லாரி உள்ளே போகவில்லை. வேலியோரமாக நின்றது. பின்னாலிருந்து நாலைந்து பேர் கடப்பாரையோடு குதித்தார்கள். முதல் பலகை கிறீச்சிட்டுக்கொண்டு பெயர்ந்தது.

"அதை எதுக்குப்பா பிடுங்கறீங்க? மரம் தோப்புல இருக்கு."

ஒரு சொட்டு மழை விழுந்தது. மனைவி குடையை விரித்தாள்.

ஓட்டுநர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். "தோப்பைப் பத்தி எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே சார். ரோட்டுக்காரர் ரோட்டை வித்துட்டாராம். அதை ஏத்திட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."