குண்டெழுத்துத் திருட்டு

"இறக்குய்யா அந்தப் போர்டை!"

முதலில் பயந்தவர், முகத்தில் பாதி நுரையோடு நாற்காலியில் இருந்த வாடிக்கையாளர்தான். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"என்ன சார், எழுத்துப் பிழையா?"

"எழுத்தே என்னுது!" என்று கத்தினார் வாசலில் நின்ற எழுத்து டிசைனர்.

உண்மைதான். பலகையில் 'முடி திருத்தகம்' தொப்பையும் தொந்தியுமாக நின்றது. பழைய சோப்பு டப்பாக்களைப் பார்த்துப் பார்த்து, அவர் இரண்டு வருடம் கணினியில் வளைத்து உருவாக்கிய குண்டெழுத்து. 'மு'வின் வால் நத்தையாகச் சுருளும். 'டி'யின் மேல்வளைவு தொப்பி போட்டவன்போல் சாயும். விற்பதற்காகப் பதினோரு கம்பெனிகளுக்கு அனுப்பினார். பத்துப் பேர் பதிலே போடவில்லை. ஒருவர் மட்டும் 'சிரிப்பு வருகிறது' என்று எழுதியிருந்தார்.

வாங்க ஆளில்லை. திருட மட்டும் ஆள் இருக்கிறது.

"யாரைக் கேட்டு மாட்டினே?"

"லாண்டரிக்காரர் பென்டிரைவ்ல கொடுத்தார் சார். மாட்டிக்கச் சொன்னார்."

"அவர் சொன்னா மாட்டிடுவியா?"

வம்பு வேண்டாமென்று சலூன்காரர் பலகையைக் கழற்றினார். வெறும் சுவரைப் பார்த்து, கடையை மூடிவிட்டார்கள் என்று நினைத்து இரண்டு பேர் திரும்பிப் போனார்கள்.

"போச்சா? என் பொழைப்புல மண்ணு!"

லாண்டரியில் குண்டெழுத்து கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தது. டிசைனரே நகத்தால் உரித்தார். பாதி வந்தது, பாதி வரவில்லை. கதவு சொறி பிடித்ததுபோல் ஆனது.

"யோவ், இந்தக் கதவைப் பார்த்தா எவன்யா துணி கொடுப்பான்?"

"அதைத் திருடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். உனக்கு யார் கொடுத்தது?"

"பேக்கரி அக்கா!"

டிசைனர் பேக்கரிக்குள் நுழைந்தபோது பின்னால் சலூன்காரர், லாண்டரிக்காரர், பாதி நுரைக்காரர் மூவரும் வந்துகொண்டிருந்தார்கள்.

அங்கே கேக் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் குண்டெழுத்து.

"கிழிங்க எல்லாத்தையும்! இல்லேன்னா கோர்ட்டுல பார்த்துக்கலாம். ரெண்டு வருஷம்! கண்ணு போச்சு, முதுகு போச்சு. இதை யார் செஞ்சாங்கன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

 

அக்கா பெட்டிகளைத் தரையில் தள்ளி ஒவ்வொன்றாக மிதித்தார். கடைசிப் பெட்டியும் நசுங்கியபோது அந்தத் தெருவில் குண்டெழுத்து ஒன்றுகூட மிச்சமில்லை.

"இப்ப சொல்லுங்க. என் வீட்டுக் கம்ப்யூட்டர்லேர்ந்து இதை எடுத்துட்டு வந்த திருடன் யாரு?"

அக்கா மூச்சு வாங்கினார்.

"உங்க மாமியார்தான். 'எழுத்தை யாரும் வாங்கலைன்னு மாப்பிள்ளை நாள் பூரா வீட்டுல உட்கார்ந்து புலம்பறது தாங்க முடியல, நாலு கடையிலயாவது மாட்டி வைங்க'ன்னு அழுதாங்க. பாவமேன்னு ஒத்துக்கிட்டோம்."