இனிகோவின் கடைவாய்ப் பல் தொடர்பாக

உலக மருத்துவ வரலாற்றை எழுதியவர்கள் தூத்துக்குடியைச் சேர்க்காமல் விட்டதை நான் மன்னித்துவிட்டேன். பாவம், அவர்களுக்கு விவரம் போதாது. ஒரு சொத்தைப் பல்லுக்கு ஊசி போடாமல், மருந்து வைக்காமல், வெறும் தாளை மட்டும் கொண்டு ஐந்து மாதம் 'சிகிச்சை' அளித்த அலுவலகம் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது கடற்கரைச் சாலையில் இருந்த முக்குளிப்போர் நலப் பிரிவு. அதன் தலைமை எழுத்தர் மாடக்கண்ணு. அதாவது அடியேன்.

1972 டிசம்பரில் சங்கு குளிக்கும் பருவம் தொடங்கிய முதல் வாரம். கடலில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் நாங்கள்தான் பாஸ் கொடுப்போம். பாஸ் இல்லாமல் ஒருவன் முங்கினால் அது குளியல். பாஸோடு முங்கினால் அது தொழில். இந்த நுட்பமான வேறுபாட்டைக் காப்பாற்றுவதற்காகவே எங்களுக்கு எட்டு மேசைகளும் இரண்டு மின்விசிறிகளும் வழங்கப்பட்டிருந்தன.

அந்த வாரம் திரேஸ்புரத்து இனிகோ என் மேசைக்கு வந்தான். எட்டு பாகம், அதாவது ஏறக்குறைய ஐம்பது அடி ஆழத்துக்குப் போய் இரண்டு கையிலும் சங்கோடு வருகிற ஆள். அன்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, ஒரு சின்ன சங்கதி. மேல இருக்கும்போது பல்லு சும்மாதான் கெடக்கு. அஞ்சு பாகம் எறங்கிட்டா போதும், எவனோ உள்ள இருந்து ஆணி அடிக்கமாரி இருக்கு. மேல வந்தா சரியாயிருது."

"அதுக்கு?"

"நாளைக்கு ஒருநா லீவு தாங்க. பல்லு டாக்டரம்மாட்ட போயி அடைச்சுட்டு வந்துருதேன். சொல்லாம நின்னா பாஸ்ல கை வச்சிருவீங்களே, அதான்."

வேறு அலுவலகமாக இருந்தால் "போயிட்டு வாலே" என்று அனுப்பியிருப்பார்கள். அந்த மாதிரி அலட்சியம் எங்களிடம் கிடையாது. நான் எழுந்து நேராகக் கண்காணிப்பாளர் தேவபிரசாதம் ஐயாவிடம் போனேன். நாசரேத்துக்காரர். கணக்கைக் கூட்டிச் சொன்னால்கூட ஜெபம் மாதிரி இருக்கும் குரல்.

"மாடக்கண்ணு," என்றார் கண்ணை மூடியபடி, "இதை லீவு என்று பார்க்காதேயும். பல் அவனுடையதாக இருக்கலாம். ஆனால் வலிப்பது எங்கே?"

"கடலுக்கடியில் ஐயா."

"யாருடைய கடல்?"

"அரசாங்கத்தின் கடல் ஐயா."

"அப்படியானால் கோப்பு திறவும்."

திறந்தேன். முதல் உத்தரவை நானே எழுதினேன். என் எழுத்து வாழ்க்கையின் சிகரம் என்று அதைச் சொல்லலாம். 'மேற்படி நபரின் பல் குறித்த ஆய்வு முடியும் வரை அவரது பாஸ் நிறுத்திவைக்கப்படுகிறது. ஆய்வுக்குட்பட்ட ஓட்டை இருந்தது இருந்தபடியே பாதுகாக்கப்பட வேண்டும். அதை அடைப்பதோ, அகற்றுவதோ, வேறு வகையில் மாற்றுவதோ பாஸ் நிரந்தரமாக ரத்தாவதற்குக் காரணமாகும்.'

இனிகோவுக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

"அண்ணாச்சி, அடைச்சாத்தான கடலுக்குப் போவ முடியும்?"

"ஆமா."

"அடைச்சா பாஸ் போயிரும்?"

"ஆமா. இப்பதான் உனக்குப் பிடிபடுது."

பல் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் தேவபிரசாதம் ஐயா. செயலாளர் நான். உறுப்பினர் ஸ்டோர் கீப்பர் ஜெபசீலன். மேலும் கீழும் கட்டுப்பல் என்பதால் பல் விஷயத்தில் அவருக்கு எந்தப் பக்கச் சாய்வும் இருக்காது என்று தேர்ந்தெடுத்தோம். நிபுணராக டாக்டர் ஜெயபாய் அம்மாவை அழைத்தோம். ஊரில் அவர்களிடம்தான் காலால் மிதிக்கிற பல் துளைக்கும் இயந்திரம் இருந்தது.

முதல் கூட்டத்தில் மேசை நடுவே ஒரு தட்டு மக்ரூன் வைக்கப்பட்டது. தூத்துக்குடியில் மக்ரூன் இல்லாமல் கூடினால் அதைக் கூட்டம் என்று சொல்லும் வழக்கம் இல்லை. முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்ந்து மேலே கூம்பாக நிற்கும் அந்தப் பண்டம், வாயில் போட்டால் நொறுங்கி, பல் இடுக்கில் போய் உட்கார்ந்து, அடுத்த கூட்டம் வரைக்கும் அங்கேயே இருக்கும்.

டாக்டரம்மா இனிகோவை ஜன்னலோரம் நிறுத்தி, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்கள்.

"கடுகளவு ஓட்டை. அவ்வளவுதான். அதுக்குள்ள காத்து மாட்டிக்கிடுது. ஆழத்துக்குப் போகப்போக வெளியில தண்ணி அழுத்தும், உள்ள இருக்கிற காத்து சுருங்கி நரம்ப இழுக்கும். அதான் கீழ போனா வலிக்கு."

"ஓட்டை எவ்வாறு உண்டாயிற்று?" என்றார் தலைவர், மக்ரூனை எடுத்தபடி.

"இனிப்பு தின்னுட்டு வாய் கொப்பளிக்காம இருந்தா, வாயில இருக்கிற கிருமி அந்த இனிப்பத் தின்னு புளிப்பக் கக்கும். அந்தப் புளிப்பு பல்லு மேல இருக்கிற வெள்ளை ஓட்டக் கரைக்கும். மொதல்ல ஒரு வெள்ளைப் புள்ளி, பெறகு பழுப்பு, பெறகு குழி. மேல் ஓட்டோட நிக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. உள்ள எறங்குனா கூசும். நரம்பத் தொட்டா ஆளு துடிச்சுப் போவான்."

"புழு என்றல்லவா சொல்லுவார்கள்?" என்றேன் நானும் ஒரு மக்ரூனை எடுத்தபடி.

"புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல."

"நல்லது," என்றார் தலைவர். "புழு என்றால் கால்நடைத் துறைக்கு எழுத வேண்டியிருக்கும்."

"சார், இது அரை மணி நேர வேலை. சொத்தையச் சுரண்டி எடுத்துட்டு வெள்ளிய வச்சு அடைச்சுருவேன். இப்பவே கூட்டிட்டுப் போகட்டா?"

தலைவர் கனிவோடு சிரித்தார். "அம்மா, ஓட்டையை அடைத்துவிட்டால் பிறகு நாங்கள் எதை ஆய்வு செய்வது?"

டாக்டரம்மா சின்னக் கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் போட்டார்கள். அறிவியலின் எல்லையை அன்று நான் கண்ணால் கண்டேன். குழு மாதம் இருமுறை கூடுவது என்றும், ஓட்டையின் வளர்ச்சியைப் பதிவேட்டில் குறிப்பது என்றும் தீர்மானம் நிறைவேறியது. டிசம்பர்: கடுகு. ஜனவரி: மிளகு.

பிப்ரவரியில் தலைவருக்கு ஒரு நியாயமான சந்தேகம் வந்தது. வலி ஏற்படுவதை அதிகாரி எவரும் நேரில் பார்க்கவில்லையே! ஆகவே நாங்கள் வள்ளத்தில் ஏறிச் சம்பவ இடத்துக்கே போனோம். உலகத்தில் பல்வலியை ஸ்தல ஆய்வு செய்யக் கடலுக்குப் போன முதல் அதிகாரிகள் நாங்கள்தான் என்பதை எவராவது மறுக்கட்டும், பார்ப்போம்.

இனிகோவின் இடுப்பில் கயிறு கட்டினோம்.

"தம்பி," என்றார் தலைவர், ஒரு கையால் வள்ளத்தையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, "இலேசான வலி என்றால் ஒருமுறை இழு. நடுத்தர வலி என்றால் இருமுறை. கடும் வலி என்றால் மும்முறை. அவசரப்படாமல், யோசித்து இழு."

இனிகோ முங்கினான். ஜெபசீலன் கயிற்றைப் பிடித்திருந்தார். ஐந்தாவது பாகத்தில் கயிறு இழுபட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு...

"ஆறு என்பது நம் பட்டியலில் இல்லையே ஐயா," என்றேன்.

"இரண்டு கடும் வலிகள் என்று குறியும்."

இனிகோ மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். கண்ணில் தண்ணீர். அது கடல் தண்ணீரா என்று பிரித்தறிய எங்களிடம் கருவி இல்லை.

"இப்பொழுது வலிக்கிறதா?"

"கொறஞ்சிருக்கு ஐயா."

தலைவரின் முகம் மலர்ந்தது. "பார்த்தீரா மாடக்கண்ணு! மேலே வலி குறைவு. ஐந்து பாகத்துக்குக் கீழேதான் குற்றம் நடக்கிறது. ஐந்து பாகத்துக்குக் கீழே ஏற்படும் வலி நம் பிரிவுக்கு உட்பட்டதா என்று எந்த விதியிலும் இல்லை. மெட்ராசுக்கு எழுதிக் கேளும்!" என்று சொல்லிவிட்டு, காலையில் சாப்பிட்ட இட்லியைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்தார்.

மெட்ராசுக்கு எழுதினோம். ஏழு வாரம் பதில் இல்லை.

மார்ச்சில் ஒரு நாள் இனிகோவின் மனைவி மெட்டில்டா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கையில் பை, தலையில் முக்காடு, நாக்கில் அரம்.

"ஏன் அண்ணாச்சி, ஒங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரம் இருக்கா? கிராம்புத் தைலம் வச்சு வச்சு எங்க வீடு கலியாண வீடு மாரி மணக்கு. குசினி அடுப்புல கஞ்சி காய்ச்சிக் குடுத்தா, மனுசன் அதக்கூட ஒரு பக்கமா சாய்ச்சுக் குடிக்கான். சீசனும் போவுது. அவரு கூட்டாளியெல்லாம் சங்கு சங்கா அள்ளிட்டு வாரான். இவரு கரையில நின்னு வள்ளத்த எண்ணுதாரு."

"அம்மா, விஷயம் மேலிடத்துக்குப் போயிருக்கிறது."

"அங்கன புதுத் துறைமுகத்துல லாரி லாரியா கல்லக் கொட்டிக் கடலையே அடைக்காங்க. ஒங்களுக்கு ஒரு கடுகு ஓட்டைய அடைக்க வழியில்லியா?"

இந்த இடத்தில் நான் குறுக்கிட வேண்டியிருந்தது. தவறான தகவலை நான் ஒருபோதும் அனுமதித்ததில்லை.

"கடுகு டிசம்பரில். இப்போது பட்டாணி. கோப்பைப் பார்த்துவிட்டுப் பேசம்மா."

"அப்ப இன்னைக்கே போயி அடைச்சுட்டு வாரோம்!"

"தாராளமாகப் போ. பாஸ் ரத்து. இந்த வருஷத்துக்கு மட்டுமல்ல, ஆயுசுக்கும்."

மெட்டில்டா பையை இடுக்கிக்கொண்டு நடந்தாள். கடலைத் தவிர இனிகோவுக்கு வேறு தொழில் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாசல்படி வரை போனவள் திரும்பி நின்றாள்.

"ஒங்க வீட்டு ஆளுக்கு வலிச்சிருந்தா தெரியும் அண்ணாச்சி."

உணர்ச்சிவசப்பட்ட பேச்சு. பதிவேட்டில் சேர்க்கவில்லை.

ஏப்ரல் கடைசி வாரம் மெட்ராசிலிருந்து பதில் வந்தது. ஒரே வரி: 'தங்கள் பிரிவே தக்கவாறு முடிவு செய்து கொள்ளலாம்.' இதை விடச் சிறந்த வழிகாட்டலை யார் தர முடியும்? கொண்டாட்டமாகப் பத்தாவது கூட்டத்தைக் கூட்டினோம். தலைவர் மக்ரூனைக் கடித்தார். கடித்தவர் அப்படியே நின்றார். அந்த ஜெபக் குரலிலிருந்து வேதத்தில் இல்லாத ஒரு சொல் வந்தது.

"மாடக்கண்ணு... பல்..."

"கோப்பு திறக்கட்டுமா ஐயா?"

"வண்டியைக் கூப்பிடுமய்யா!"

ஐந்தாவது நிமிடம் டாக்டர் ஜெயபாய் அம்மாவின் மருத்துவமனையில் இருந்தோம். அங்கே பெஞ்சில் இனிகோ உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கக் கன்னம் பந்து மாதிரி வீங்கி, கண்ணை மறைத்திருந்தது. பக்கத்தில் மெட்டில்டா. பாஸ் போனாலும் போகட்டும், ஆள் மிஞ்சட்டும் என்று அன்று காலை அவள்தான் இழுத்து வந்திருக்கிறாள். அடுத்த முறை அவர்களுடையது.

தலைவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் இனிகோ எழுந்து இடம் விட்டான்.

"ஐயா மொதல்ல போவட்டும். அந்த வலி எனக்குத் தெரியும்," என்றான், பாதி வாயால்.

ஐயா போனார். டாக்டரம்மா காலால் இயந்திரத்தை மிதித்தார்கள். சொத்தையைக் குடைந்து எடுத்தார்கள். வெள்ளித் தூளையும் பாதரசத்தையும் சின்னக் கல்வத்தில் போட்டு அரைத்தார்கள். பிசுபிசுவென்று வந்த பசையைக் குழிக்குள் வைத்து அழுத்தி, மேலே சமப்படுத்தினார்கள்.

"ஒருநா முழுக்க இந்தப் பக்கம் வச்சு மெல்லாதிங்க. ஆச்சு."

கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தெட்டு நிமிடம்.

"வந்தது வந்திங்க, ஒங்க வாயையும் காட்டுங்க," என்றார்கள் என்னிடம். காட்டினேன். கடுகளவு ஒன்று இருந்தது. குழு இல்லை, தீர்மானம் இல்லை, மெட்ராஸ் இல்லை. வாயில் பஞ்சைத் திணித்து அதையும் அப்போதே அடைத்துவிட்டார்கள்.

பிறகு இனிகோ உட்கார்ந்தான். டாக்டரம்மா கண்ணாடியை வைத்தார்கள், உடனே எடுத்துவிட்டார்கள்.

"நரம்பு செத்துப் போச்சு. வேர்ல சீழ். இனி அடைச்சா சீழ உள்ள வச்சுப் பூட்டுன கதைதான். எடுத்துர வேண்டியதுதான்." என் பக்கம் திரும்பாமலே சொன்னார்கள்: "டிசம்பர்ல இது அரை மணி நேர வேலை."

எடுத்தார்கள். மெட்டில்டா பல்லை ஒரு தாளில் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஒங்க பல்லுக்கு ஆய்வு எப்ப அண்ணாச்சி?"

பதில் சொல்ல முடியவில்லை. என் வாயில் பஞ்சு இருந்தது. இனிகோவின் வாயிலும் பஞ்சுதான். என் பஞ்சுக்கு அடியில் பல் இருந்தது.

அந்தச் சனிக்கிழமையோடு பருவம் முடிந்தது. அந்த வருஷம் இனிகோ ஒரு சங்குகூட எடுக்கவில்லை. பாஸை மட்டும் நாங்கள் ரத்து செய்யவில்லை; பெருந்தன்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா? கோப்பை முடிக்கும் குறிப்பை நானே எழுதினேன்: 'மேற்படி நபரின் வாயில் ஆய்வுக்குட்பட்ட ஓட்டை தற்போது இல்லை.' தலைவர் பச்சை மையில் கையெழுத்திட்டார். ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது.

வெளியே வரும்போது டாக்டரம்மா தலைவரிடம் சொன்னது மட்டும் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. பல்லைத் தின்கிற கிருமி கண்ணுக்குத் தெரியாது என்றார்கள். படித்தவர்கள் இப்படிச் சொல்லலாமா? நன்றாகத் தெரியும். காலை பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போடும்; மாலை ஐந்துக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்; ஓய்வு பெற்ற பிறகு, இதோ, மாதம் தவறாமல் பென்ஷன் வாங்கும்.