சம்மனசுகள் குடித்த மருந்து

அர்ச். அந்தோனியார் துணை

பார்க் எக்ஸ்டென்ஷன்,
மொன்றியல்.
23.03.1987

அன்புள்ள மைத்துனர் யோசெப்புக்கு,

அத்தான் மரியதாசன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா அக்னெசும் மகள் செல்வமலரும் இங்கே உறைந்தபடி சுகமாக இருக்கிறோம். நீயும் உன் தீவில் நனைந்தபடி சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். அக்கா உனக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னுகிறாள். அது காதுவரை வந்திருக்கிறது. மரியாதைக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான், இனி விசயத்துக்கு வருகிறேன். யோசெப், உன்னால் என் மகளின் கலியாணம் நிற்கப்போகிறது.

உடனே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. நீ நல்ல பிள்ளைதான். திருகோணமலையில் கப்பலேறி, கிளாஸ்கோவில் இறங்கி, அகதி என்று பதிந்து, மழையும் ஆடும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு ஸ்கொட்லாந்துத் தீவுக்குப் போய், விஸ்கி வடிசாலையில் பீப்பா உருட்டிப் பிழைக்கிறாய். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் உன் கடிதங்களில்தான். மற்றவர்களுடைய மைத்துனர்மார் ‘குளிர் அதிகம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்’ என்று நாலு வரி எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். நீயோ வடிசாலைப் பூனை குட்டி போட்டாலும் ஆறு பக்கம் எழுதுகிறாய், குட்டிகளின் பெயர் உட்பட.

எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? வெளிநாட்டுக் கடிதத்தைத் தனியே படிப்பது மரியாதையில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் சனம் மூன்று மாடி ஏறி வந்து, சப்பாத்துப் பனியை வாசலில் தட்டிவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து, “எங்க, யோசெப் தம்பி என்னவாம்?” என்று கேட்கும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்துப் படிப்பேன். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த மனிதனை இங்கே டவுன்டவுனில் கந்தோர்த் தரை கூட்ட விட்டிருக்கிறார்கள். அங்கே என்னோடு பேசுவது குப்பைவாளி ஒன்றுதான். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் மட்டுமே என் குரலுக்கு மதிப்பு. அந்த மதிப்பையும் நீ கெடுத்தாய்.

திரேசம்மா அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறேனா தெரியவில்லை. அவரும் நம் திருகோணமலைதான், கணவர் காலமாகிவிட்டார். இங்கே கோயிலில் தமிழர்களின் மதுவிலக்குச் சபைக்கு அவர்தான் தலைவி. அவருடைய மகன் தேவதாசனுக்கும் நம் செல்வமலருக்கும் மனம் ஒத்துப்போய்விட்டது. பிள்ளை ‘கார்டரி’ என்கிற குழந்தைகள் காப்பகத்துக்கு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவன் ஒவ்வொரு நாளும் தற்செயலாக அந்த வாசலைக் கடந்து போகிறான், அவன் வீடு எதிர்ப்பக்கம் இருந்தும். எல்லாம் சரி. ஆனால் திரேசம்மா அக்கா இதற்கு முன் மகனுக்கு வந்த இரண்டு சம்பந்தங்களை வேண்டாமென்றவர். முதலாவது, பெண்ணின் தகப்பன் குடிப்பவர். இரண்டாவது, பெண்ணின் சிற்றப்பன், குடிப்பவர் ஒருவருக்குச் சிநேகிதர். அப்படியிருக்க, பெண்ணின் மாமன் விஸ்கி காய்ச்சுகிறான் என்று தெரிந்தால் என்னாகும் என்று நீயே கணக்குப் பார்.

கார்த்திகை மாதம் அவர் முதல்தடவை வந்து எனக்கு நேரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நான் உன் கடிதத்தை உடைத்தேன். முதல் வரியே, ‘அத்தான், எங்கள் விஸ்கிக்குப் புதுக் கொதிகலம் வந்துவிட்டது.’ எனக்கு வியர்த்தது. வேறு வழியில்லாமல் ‘எங்கள் மருந்துக்கு’ என்று படித்தேன். அன்றிலிருந்து நீ விஸ்கி என்று எழுதிய இடமெல்லாம் நான் மருந்து என்றே படித்து வருகிறேன். அந்தக் கொதிகலக் கதையை நீ சும்மாவா எழுதினாய்! செம்பாலான கொதிகலம் படகில் வந்து இறங்கியதாம், வடிசாலை வாசலைவிட அகலமாம், கூரையைக் கழற்றித்தான் உள்ளே இறக்கினார்களாம், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறையாம், முன்னால் ஒருவர் பைப் வாத்தியம் ஊதிக்கொண்டு நடந்தாராம். கேட்டுக்கொண்டிருந்த சனம் உருகிப்போனது. “மாதா சுருவம் கொண்டுபோற மாதிரியெல்லோ கொண்டுபோயிருக்கிறாங்கள், மருந்துக்கு எவ்வளவு மரியாதை குடுக்கிறாங்கள் பாருங்க” என்றார் திரேசம்மா அக்கா.

அடுத்த கடிதத்தில் மாடுகள். சாறெடுத்த பார்லிச் சக்கையை மாடுகளுக்குப் போடுவதையும், தின்ற மாடுகள் நடுவீதியில் படுத்துக்கொண்டு தபால் வானுக்கு வழிவிடாததையும் விவரமாக எழுதியிருந்தாய். எங்கள் முன்னறையில் வாடகைக்கு இருக்கும் சவிரிமுத்து, உணவகமொன்றில் கோப்பை கழுவுபவன், “அண்ணை, இது என்ன வருத்தத்துக்கான மருந்து?” என்று பல்லைக் காட்டினான். “எல்லாத்துக்கும்” என்றேன். அத்தோடு விட்டிருந்தால் தப்பியிருப்பேன். நீ விடவில்லை. மார்கழியில் நத்தாருக்கு எழுதிய கடிதத்தில், பீப்பாவில் பன்னிரண்டு வருடம் கிடக்கும் விஸ்கியில் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் காணாமல் போகும், அது வானத்திலிருந்து சம்மனசுகள் இறங்கி வந்து குடித்த பங்கு என்று தீவுச் சனம் சொல்லும் என்று எழுதியிருந்தாய். பக்கத்தில் ‘பகிடி’ என்று ஒரு சொல் போட்டிருந்தால் உன் பேனை தேய்ந்துவிடுமா? நானும் குரல் ஏறிய வேகத்தில் படித்துவிட்டேன். சனம் கோப்பைகளைக் கீழே வைத்தது.

“சம்மனசுகளோ?” என்றார் திரேசம்மா அக்கா.

“ஓம் அக்கா.”

“பூட்டின அறைக்குள்ள, மூடின பீப்பாக்குள்ள இருந்தோ?”

“அப்பிடித்தான் எழுதியிருக்கிறான்.”

அவர் எழுந்து நின்று சிலுவை போட்டார். சனமெல்லாம் எழுந்து சிலுவை போட்டது. நானும் போட்டேன், யோசெப். வேறென்ன செய்வது?

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் கால் வைக்க இடமில்லை. டொலார்ட்-டெஸ்-ஓர்மோப் புறநகரிலிருந்து முழங்கால் நோக்காரர் ஒருவரைக் காரில் ஏற்றி வந்து, மூன்று மாடி நடத்தி ஏற்றி, உன் கடிதத்தைத் தொட வைத்தார்கள். ஏறியதில் அவருடைய மற்ற முழங்காலும் நொந்துபோனது. இப்படியிருக்கையில்தான் தை மாதம் உன் சோகக் கடிதம் வந்தது. உலகத்தில் விஸ்கி குடிப்பது குறைந்துவிட்டது, பீப்பாக்கள் விற்காமல் குவிந்து கிடக்கின்றன, இனி கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை, வடிசாலையை மூடினாலும் மூடிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். ‘உலகத்தில் மருந்து குடிப்பது குறைந்துவிட்டது’ என்று படித்தேன்.

“சனத்துக்கு வருத்தம் குறைஞ்சால் நல்லதுதானே அண்ணை?” என்றான் சவிரிமுத்து.

“வாயை மூடும்!” என்று சீறினார் திரேசம்மா அக்கா. “அந்தப் பொடியன்ர வேலை போகப்போகுது. நாளைக்கு அவனை அங்க வைச்சிருப்பாங்களோ, ஊருக்குத் திருப்பி ஏத்திவிடுவாங்களோ ஆருக்குத் தெரியும்?”

அன்று மாலையே அந்தோனியாருக்கு ஒன்பது நாள் செபம், நவநாள், தொடங்கியது. மதுவிலக்குச் சபை முழுவதும் என் வரவேற்பறையில் முழந்தாளிட்டது. மன்றாட்டை இயற்றியவர் தலைவி. அந்தத் தொழிற்சாலையின் கொதிகலங்கள் ஒருபோதும் ஆறாதிருக்கவும், அதன் மருந்து உலகின் கடைக்கோடிவரை பரவவும், அதைக் குடிப்போர் தொகை நாளுக்கு நாள் பெருகவும் வேண்டுமென்று அவர் உருக்கமாகச் சொல்ல, சபையார் எல்லோரும், “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள். சவிரிமுத்துவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவனுக்கு எப்போது பக்தி வந்தது என்று உன் அக்கா ஆச்சரியப்பட்டாள்.

நீ மாசியில் என்ன எழுதினாய்? ஜப்பான்காரர் பெரிய ஓடர் கொடுத்துவிட்டார்கள், முழுவாரமும் வேலை, புதிதாக ஆளும் எடுக்கிறார்கள். சரி, மனம் குளிர்ந்தது. ஆனால் சனத்துக்கு அது அந்தோனியார் செய்த புதுமை. புதுமை நடந்தால் சாட்சி வேண்டும். “அந்த மருந்தில ஒரு போத்தல் எடுப்பியுங்க தம்பி” என்று திரேசம்மா அக்கா கேட்டார். மறுத்தால் சம்பந்தம் போய்விடும். ஏதாவது சின்னச் சீசாவில், மருந்துபோல, அடக்கமாக அனுப்பு என்று உனக்கு எழுதினேன். நீ என்ன செய்தாய்? உன்னோடு வேலை செய்யும் டங்கனின் தமக்கை மொன்றியலுக்கு வருகிறார் என்று, அவர் கையில், கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி, பாய்க்கப்பல் படம் போட்ட முழுப்போத்தலைக் கொடுத்துவிட்டாய். அந்த அம்மா, “பொன்ஜூர், உங்கள் விஸ்கி!” என்று படிக்கட்டிலேயே கூவிக்கொண்டு வந்தார். நல்லகாலம், அது திங்கட்கிழமை.

லேபலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்தேன். அது பத்தாமல் எல்லாவற்றையும் பழைய டொனிக் போத்தலொன்றுக்கு மாற்றினேன். மூடியைத் திறந்தபோதுதான் எனக்குத் தெம்பு வந்தது. உங்கள் தீவில் சதுப்புமண்ணை வெட்டிக் காயவைத்து, அந்தப் புகையில் பார்லியை வாட்டுவோம் என்று நீ எழுதியது உண்மைதான். ஆசுபத்திரி வார்டுக்குள் விறகடுப்பு மூட்டியதுபோல மணத்தது. இதை மருந்தில்லை என்று எவன் சொல்லுவான்? இருந்தாலும் பொறுப்புள்ள மனிதன் என்ற முறையில் ஒரு மிடறு பரிசோதித்தேன். தெளிவாகத் தெரியவில்லை. திரும்பவும் பரிசோதித்தேன். போத்தலின் கழுத்து வெறுமையாகிவிட்டதால் ஆறிய தேத்தண்ணி ஊற்றி நிரப்பினேன். நிறம் இரண்டும் ஒன்றுதானே.

நேற்று ஞாயிறு. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க என்றுதான் திரேசம்மா அக்கா வந்தார். ஆனால் நாளைப் பற்றிப் பேச்சே வரவில்லை. போத்தலைக் கையில் வாங்கி, தானே முதலில் ஒரு கரண்டி விழுங்கி, ஒரு நிமிடம் கண்ணை மூடியிருந்துவிட்டு, வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினார். சவிரிமுத்து முதலில் இருமலோடு வந்தான், பிறகு இடுப்புப் பிடிப்போடு வந்தான், மூன்றாம் தடவை வருத்தம் ஒன்றும் அகப்படாமல் “அக்கா, வீட்டு ஞாபகம்” என்றான். அதற்கும் ஊற்றினார். ஒரு மணி நேரத்தில் தவக்காலப் பாடல்களைச் சனம் கலியாணப் பாட்டின் வேகத்தில் பாடத் தொடங்கியது. முழங்கால் நோக்காரர் எழுந்து தாளம் போட்டார். கீழ்வீட்டிலிருந்து, இந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர், கிரேக்கர், கோபமாக ஏறி வந்து கதவைத் தள்ளினார். உள்ளே ஒருதரம் மூச்சை இழுத்தார். முகம் மலர்ந்துவிட்டது. “ஆ, விஸ்கி!” என்றார்.

பாட்டு நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் அக்கா குசினிக்குள் மறைந்துவிட்டாள். எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்: “கிரேக்கத்தில மருந்துக்கு அப்பிடித்தான் சொல்லுறது.”

திரேசம்மா அக்கா தலையை ஆட்டினார். “ஓம், சுவிசேசமும் முதல்ல கிரேக்கத்திலதானே எழுதினது” என்றுவிட்டு, வீட்டுக்காரருக்கும் ஒரு கரண்டி கொடுத்தார்.

தப்பினேன் என்று கதிரையில் சாய்ந்தேன். சாய்ந்தது தவறு. அவர் போத்தலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, “மிச்சத்தைச் சுவாமியாருக்குக் கொண்டுபோய்க் குடுக்கப்போறன், அவருக்கும் தொண்டை சரியில்லை” என்று இறங்கிப் போய்விட்டார். யோசெப், எங்கள் கோயில் சுவாமியார் ஐரிஷ்காரர். அவருக்கு ஒரு கரண்டி தேவையில்லை, மூடியைத் திறந்தாலே போதும். இந்நேரம் எல்லாம் தெரிந்திருக்கும். செல்வமலர் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. தேவதாசன் காலையில் அந்தக் கார்டரி வாசலைக் கடந்து போகவும் இல்லையாம். பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பெற்றவன் நான், பொய்யும் நான்தான் சொன்னேன், ஆனால் விசயத்தை எழுதியது நீ.

ஆகவே, இந்தக் கடிதம் கண்டவுடன் நீ செய்ய வேண்டியது: அந்த வேலையை விட்டுவிட்டு பிஸ்கட் கம்பெனி ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடு. அது முடியாவிட்டால், இனி உன் கடிதத்தில் மழை, ஆடு, உன் உடம்புச் சுகம் இவை தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது. கொதிகலம் வெடித்தாலும் எனக்கு எழுதாதே. போத்தல் மட்டும் செத்தாலும் அனுப்பாதே.

மற்றப்படி, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். பூசையை விடாதே. உன் தலைக்குமேல் அந்தோனியாரின் கையும், எங்கள் எல்லோருடைய அன்பும், அக்கா பின்னும் தொப்பியும் எப்போதும் இருக்கும்.

இப்படிக்கு,
நொந்துபோன உன் அத்தான்,
மரியதாசன்

பி.கு: கடிதத்தை ஒட்டிவிட்டு, தபாலில் போடச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்கும்போது திரேசம்மா அக்கா படியேறி வந்தார். கையில் கழுவித் துடைத்த வெறும் போத்தல். கடிதத்தைத் திரும்ப உடைத்து இதை எழுதுகிறேன்.

“சுவாமியார் ஒரு கரண்டி குடிச்சவர்” என்றார். “குடிச்சிட்டு, ‘திரேசா, நல்ல சாமான், ஆனால் ஆரோ இதுக்குள்ள தேத்தண்ணி விட்டிருக்கிறாங்கள்’ எண்டார். எனக்கு முதல் கரண்டியிலயே தெரியும் சுவாமி எண்டன்.”

மாட்டிய சப்பாத்தைக் கழற்றி வைத்தேன். “அக்கா, உங்களுக்கு எப்ப…”

“கொதிகலம் வந்த அண்டைக்கே. என்ர மனுசன் துறைமுகத்தில வெள்ளைக்காரன்ர கப்பலுக்குச் சாமான் ஏத்தி இறக்கினவர். ஏத்தினதைவிடக் குடிச்சதுதான் கூட. பீப்பாக்குள்ள என்ன கிடக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ?”

“பிறகேன் அக்கா நவநாள் எல்லாம்?”

“அங்க தனிய நிக்கிற எங்கட பொடியன்ர வேலையெல்லோ போகப்பாத்தது? அவங்கள் என்னத்தை வடிக்கிறாங்கள் எண்டு அந்தோனியார் கேட்டவரோ? குடிச்சுக் குடும்பத்தை அழிக்கிறவனோடதான் எனக்குக் கோவம் தம்பி. பீப்பா உருட்டிச் சோறு தின்னுறவனோட எனக்கென்ன?”

எனக்கு அழுகை வந்துவிட்டது, யோசெப். கண்ணாடியைத் துடைப்பதுபோலச் சமாளித்தேன். தேவதாசனுக்கு இன்று காலையில் வேலையாம், அவ்வளவுதான். செல்வமலர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். உயிர்ப்பு ஞாயிறு முடிந்த அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம்.

ஆகவே மேலே எழுதிய எதையும் கவனிக்காதே. வேலையை விட்டுவிடாதே. எல்லாவற்றையும் எழுது, பூனைக்குட்டிகள் எப்படி இருக்கின்றன? சீதனமென்று திரேசம்மா அக்கா கேட்பது ஒரே ஒரு போத்தல்தான், சுவாமியாருக்கும் சேர்த்து. அதை என் பெயருக்கு அனுப்ப வேண்டாமாம், நேரே தன் விலாசத்துக்கு அனுப்பட்டுமாம். எங்கள் வீட்டில் சம்மனசுகளின் தொல்லை அதிகமாம்.