கலைமகள் துயில் காக்க நிகழ்ந்த காற்றுக்குழாய்ப் போர்

வாழ்க இராஜாங்கம்! வெண்ணாறு பாயும் நீடாமங்கலத்து வயல்நடுவே, கார் இல்லாத கார் ஷெட்டை டயர்ப் பட்டறையாக்கி ஆண்ட பெருந்தகை வாழ்க! கத்தார் வெயிலில் லாரி டயர்களோடு மல்லாடி மீண்ட மாவீரன், ஒரு கையில் பைப் ரெஞ்சும் மறுகையில் நழுவும் கைலியும் பற்றிய கோமகன் வாழ்க, வாழ்க!

அத்தகையோனுக்கும் ஓர் இடர் வந்தது. அவன் மனைவி கலைமகள் நர்ஸ். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் விழித்திருந்து பகலில் துயில்பவள். அவள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே வீற்றிருந்ததோ அவனுடைய ஏர் கம்ப்ரசர். அறுவடை மெஷின்கள் அணிவகுத்து இருமினாற்போல் அவ்வரக்கன் முழங்க, கண்ணயர்ந்தவள் திடுக்கிட்டெழுவாள். முந்தைய இரவு தூக்கக் கலக்கத்தில் நோயாளி ஒருவருக்குப் போடவேண்டிய ஊசியில் வேறு மருந்தை நிரப்பிவிட்டு, குத்தப்போன கடைசி நொடியில் லேபிளைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். காலையில் வீடு திரும்பியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"இன்னைக்கே அத கொல்லப்பக்கம் கொண்டுபோங்க. இல்லன்னா நான் சீர்காழிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுறேன். ஒரு உயிரு போயிருக்கும்ங்க."

அவள் கதவைச் சாத்திய பின்னரே இராஜாங்கத்துக்கு வீரம் திரும்பிற்று. "பொழுது சாயுமுன் அரக்கனைக் கொல்லைக்குத் துரத்துவேன்! காற்றை இரும்புக்குழாயில் சிறைப்படுத்திப் பட்டறைக்கு இழுத்து வருவேன்! தவறின் இக்கையால் இனி ஸ்பேனர் தொடேன்!" என்று முழங்கினான், அவள் எழுந்துவிடக்கூடாதே என்று கிசுகிசுப்பாகத்தான் முழங்கினான்.

கம்ப்ரசர் கொல்லைப்புற மோட்டார் கொட்டகைக்குப் பெயர்ந்தது. அங்கிருந்து மதிலோரமாக, சேனையின் ஈட்டிவரிசையென ஜி.ஐ. பைப்புகள் நீண்டன. மதிலுக்கு அப்பால் தலைநீட்டினார், டிராக்டர் டயரில் காற்றிறங்கி வந்து நின்ற பக்கத்துவீட்டுத் துரைராசு.

"ஏன் தம்பி, பி.வி.சி. போட்டா சுளுவா முடிஞ்சிருக்குமே?"

"காத்து அழுத்தத்துல அது வெடிச்சுச் சிதறும்ண்ணே. நீங்க சித்த சும்மா இருங்க."

மோட்டார் முழங்கியது, தொட்டியில் காற்று நிறைந்தது, நிறுத்தினான். அந்தோ! அழுத்தமானியின் முள், கோடையில் வாய்க்கால் வற்றுவதுபோல் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. எங்கோ ஒளிந்திருந்தது கசிவென்னும் கள்வன்! சோப்பு நுரை பூசிப் புறப்பட்டான் வீரன். முதல் வளைவில் குமிழி எழுந்தது, முறுக்கினான், மாண்டது. அந்த முறுக்கில் அடுத்த இணைப்பு இளகிச் சீறியது, அதையும் முறுக்கினான். இனி ஒரு குமிழியும் இல்லை. ஆயினும் முள் தாழ்ந்தது! கொதித்தெழுந்தவன், பகைவர் கோட்டையைத் தகர்ப்பான்போல் தான் கட்டிய வரிசை முழுவதையும் தானே கழற்றினான், மரைதோறும் டேப் சுற்றினான், மீண்டும் பூட்டினான். விரல்கணுவில் தோலுரிந்தது. கைலி இருமுறை வீழ்ந்தது. துரைராசு நாகரிகமாக வேறுபக்கம் பார்த்தார். முள்ளோ, முன்போலவே தாழ்ந்தது. மதில்நிழல் கிழக்கே நீள, குழாயடியில் சரிந்து அமர்ந்த இராஜாங்கத்தின் கண்களில் சீர்காழி பஸ் தெரிந்தது.

அப்போது கொல்லைக்கதவு திறந்தது. கலைந்த கூந்தலோடு கலைமகள்!

"என்னங்க, ரொம்ப நேரமா சத்தமே காணும்? உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

"காத்து நிக்க மாட்டேங்குது, கலை. எங்க போவுதுன்னே தெரியல."

அவள் அவன் விரல் இரத்தத்தைப் பார்த்தாள். கையமர்த்தி எல்லோரையும் அடக்கிவிட்டு, செவி சாய்த்தாள். பி.பி. பார்க்கும் பட்டையில் காற்றிறங்கும் ஓசையை நாள்தோறும் கேட்டுப் பழகிய செவியல்லவா! குழாய்வரிசையை ஏறிட்டும் பாராமல், நேரே கொட்டகைக்குள் நுழைந்து கம்ப்ரசரின் அருகே குனிந்தாள்.

"இங்கேருந்துதான் வருது. தொட்டிக்கு அடியில ஏதோ திருகு இருக்கே, அது என்ன?"

காலையில் இடம் மாற்றுமுன் தொட்டித் தண்ணீரை வடிக்க இராஜாங்கமே திறந்து, பின் முழுதும் இறுக்காமல் விட்ட திருகு அது. ஈரேழு உலகமும் ஒரு கணம் அசையாது நின்றது. மதில்மேல் துரைராசு இருமினார். வீரத்திருக்கரம் நீண்டது, திருகு மூடியது, மோட்டார் முழங்கியது, முள் உயர்ந்தது, நின்றது, நின்றபடியே நின்றது! விண்ணவர் பூமாரி பொழிய, வெற்றி வேந்தன் மார்பு விம்மி வீரவுரைக்கு வாய் திறந்தான்.

கலைமகள் உள்ளே போய் மறுபடி படுத்துத் தூங்கிவிட்டாள்.