புள்ளி அண்ணை போட்ட இருபது

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் புள்ளி அண்ணையிடம் புள்ளி வாங்காத மனிதர் ஒருவரும் கிடையாது. தேர் இழுத்தவர்கள், மரக்கறிக் கடையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கும் பெண்கள், மெத்ரோ ரயில் வாசலில் மறைந்து நின்று டிக்கெட் சோதிப்பவர்கள், என் மாமனார் என்று எல்லோருக்கும் அவர் புள்ளி போட்டு வைத்திருந்தார். என் மாமனாருக்கு ‘குரல் 75, கேட்கும் குணம் 20’.

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. அடுத்த மெத்ரோ நிலையமான மார்க்ஸ் டோர்மோய் பக்கம் ஒரு மீன்கடையில் மீன் வெட்டுகிறார். அறுபது வயதிருக்கும். இடுப்பில் ரப்பர் ஏப்ரன், அதன் பையில் ஒரு நீலக் கொப்பி. கொப்பியைத் திறந்தால் முதலில் பாரை மீன் வாசம் வரும், பிறகுதான் எழுத்து தெரியும்.

இது பள்ளிக்கூடப் புள்ளி அல்ல. அமெரிக்காவில் பேஸ்போல் அணிகளுக்கு ஆள் தேடுகிறவர்கள் இளம் வீரர்களை அளக்கிற கணக்கு. கீழே இருபது, மேலே எண்பது, நடுவிலுள்ள ஐம்பது சராசரி. மீன்கடைக்கு வருமுன் அண்ணை ஒரு ஹோட்டல் குசினியில் பதினைந்து வருடம் கோப்பை கழுவியவர். பக்கத்துத் தொட்டியில் நின்று கழுவியவர் கரிபியன் தீவுக்காரர். இரண்டு பேருக்கும் பிரெஞ்சு அரைகுறை. ஆனால் தீவுக்காரர் பேஸ்போல் பற்றிப் பேசத் தொடங்கினால் கரண்டி, தட்டு, சவர்க்காரப் போத்தல் எல்லாவற்றையும் வைத்து விளக்குவாராம். அப்படித்தான் எங்கள் ஆட்கள் எல்லோரும் கிரிக்கெட் கதைக்கும் தெருவில் இவர் மட்டும் பேஸ்போல் கதைக்கத் தொடங்கினார்.

நான் ஒருமுறை கேட்டேன்: “ஏன் அண்ணை இருபதிலை துவங்குது? சைபரிலை துவங்கினா என்ன?”

“ஒண்டுக்கும் உதவாதவனுக்கும் இருபது குடுக்கோணும் தம்பி. அவனும் காலமை எழும்பி, முகம் கழுவி, விளையாட எண்டு வந்தவனெல்லோ?”

மீன்கடைக்கு மேலே முதலாம் மாடியில் எனக்கு ஒரு சின்ன மொழிபெயர்ப்பு அலுவலகம் உண்டு. பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, வதிவிட அனுமதிக்குப் பிரெஃபெக்ச்சரில் கேட்கும் கடிதங்கள், இவைதான் என் பிழைப்பு. திங்கட்கிழமை மீன்கடை பூட்டு. அன்று அண்ணை மேலே வந்து, காத்திருப்போரின் கதிரையில் உட்கார்ந்து, காத்திருப்போருக்குப் புள்ளி போடுவார். கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டு வந்த ஒருவருக்கு, ‘கவலை 60, பொறுமை 25’. அந்த மனிதர் எட்டிப் பார்த்துவிட்டு, “பொறுமை இன்னும் கொஞ்சம் போடலாமே” என்று கேட்டார். “நாலு தரம் மணிக்கூடு பாத்தனீங்கள்” என்றார் அண்ணை.

ஞாயிறுகளில் எங்கள் பெடியங்கள் கிரிக்கெட் விளையாடும் இடங்களுக்குப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஓட்டங்களைப் பார்க்கமாட்டார், பந்து எறியும் தோளைத்தான் பார்ப்பார். அதையெல்லாம் நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பவேண்டும். யாருக்கு? அந்தத் தீவுக்காரரின் மகளுக்கு. அவள் அமெரிக்காவில் வளர்ந்து, ஆள் தேடும் வேலையிலேயே சேர்ந்துவிட்டாள். வருடக்கணக்கில் அறிக்கை போனது. மரியாதையாக ஒரு நன்றி வரும், அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் அவளிடமிருந்து நீளமான கடிதம் வந்தது. அமெரிக்காவில் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை பேஸ்போல் லீக் தொடங்குகிறார்கள். ‘டிராஃப்ட்’ என்று ஒரு நாள் வைத்து, அணிகள் முறைபோட்டு வீராங்கனைகளைப் பெயர் சொல்லி எடுக்கும். அதற்கு முன் அவள் ஐரோப்பாவுக்கு ஆள் பார்க்க வருகிறாள். உங்களிடம் யாராவது இருக்கிறார்களா?

அண்ணை அந்தக் கடிதத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். “இருக்கினம் எண்டு எழுதும்” என்றார்.

“ஆர் அண்ணை?”

“அது இனித்தான் தேடோணும்.”

பாரிசின் புறநகரான ஸ்தேனில் நடந்த ஒரு தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் எங்களுக்கு ஒருத்தி அகப்பட்டாள். பெண்களுக்கான பந்து எறிதல். பழைய மாணவிகளும் எறியலாம் என்று அறிவித்தார்கள். அபிரா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் கைப்பையைத் தோழியிடம் கொடுத்துவிட்டு வந்து எறிந்தாள். பந்து அளவு நாடாவோடு நின்ற நடுவர்களைத் தாண்டியது, சர்பத் மேசையைத் தாண்டியது, ஒலிபெருக்கியில் போய் விழுந்தது. காலையிலிருந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்த அறிவிப்பாளரின் குரல் அத்தோடு நின்றது. சனம் கைதட்டியது எறிதலுக்கா, அமைதிக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணை தேத்தண்ணீரைப் போட்டுவிட்டு ஓடினார். “பிள்ளை! இந்தத் தோளோடை எங்கை இவ்வளவு நாளும் இருந்தனீர்?”

“பார்தோன்?” என்றாள் அவள், என்ன சொன்னீர்கள் என்று பிரெஞ்சில்.

அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள், தாயோடு இன்னொரு புறநகரான பொண்டியில் இருக்கிறாள், வருடத்துக்கு ஒருமுறை இந்தப் போட்டியில் மட்டும் எறிகிறாள். பேஸ்போல் பந்தை அவள் முதன்முதலாக எறிந்தபோது பிடித்தவர் அண்ணை, மீன் வெட்டும் கையுறையோடு. ஒரு கிழமைக்கு ஒற்றைக் கையால்தான் மீன் வெட்டினார். “வலி எழுபது!” என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வீங்கிய விரலைக் காட்டினார்.

தாய் சம்மதிக்கவில்லை. அவர் சொன்ன காரணத்துக்கு மறுபேச்சே இல்லை. “என்ரை பிள்ளைக்கு இப்பதான் சேதேஈ கிடைச்சது. நிரந்தர வேலையை விட்டுட்டுப் பந்து எறியவோ?”

சேதேஈயை எதிர்த்து வாதாட பிரான்சில் எந்தத் தமிழராலும் முடியாது. அண்ணை வாதாடவில்லை. ஞாயிறுதோறும் ஒரு விளைமீனோடு பொண்டிக்குப் போனார். தாய் மீனை வாங்கிக் குழம்பு வைத்து, சோறு போட்டு, “ஏலாது” என்று சொல்லி அனுப்பினார். நாலாவது ஞாயிறு அண்ணை வாய் தவறிக் குழம்புக்குப் புள்ளி போட்டுவிட்டார்.

“அம்பத்தஞ்சோ?” தாய் அகப்பையோடு எழும்பினார். “என்ரை குழம்புக்கோ?”

அடுத்த ஞாயிறு அவர் வெந்தயத்தைக் கூட்டி, புளியைக் குறைத்து வைத்தார். அறுபது. அதற்கடுத்த ஞாயிறு அறுபத்தைந்து. அன்று தாய் சிரித்துவிட்டார். “நீங்கள் பொய் சொல்லாத மனுசன் போலை கிடக்கு. பிள்ளைக்கு உண்மையா என்ன புள்ளி?”

“தோள் எழுபது, அக்கா. வேறை ஒருத்தற்றை தோளுக்கும் நான் எழுபது போட்டதில்லை.”

மருந்துக்கடையில் சம்பளமில்லா லீவு கேட்கலாம், வேலையை மட்டும் விடக்கூடாது என்று தாய் இறங்கி வந்தார். பாரிசின் கிழக்குப் பக்கக் காட்டோரம் ஒரு பேஸ்போல் மைதானம் இருக்கிறது. ஏழு மாதம், வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அபிரா அங்கே பயிற்சி எடுத்தாள்.

தீவுக்காரரின் மகளான அந்த அமெரிக்கப் பெண் வருமுன் கடைசி அறிக்கை என்னிடம் வந்தது. தோள் 70. கால் 50. தலை 60. மட்டை 20.

மட்டை இருபதுதான். நானே பார்த்திருக்கிறேன், அவளுடைய மட்டைக்கும் பந்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனாலும் இருபது என்று தட்டச்சு செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவள் கை காய்த்துப்போனதையும் பார்த்தவன் நான். இருபது வருடத் தொழிலில் ஒரு பிறப்புச் சான்றிதழின் திகதியைக்கூட மாற்றாத நான், அன்று ஐம்பது என்று அடித்தேன்.

தெரிவு நாளில் அமெரிக்கப் பெண் தாளைப் பார்த்தாள். மட்டை ஐம்பதா, சரி, முதலில் அடிக்கட்டும் என்றாள். அபிரா பதினொரு பந்தைத் தவறவிட்டாள். பன்னிரண்டாவதில் மட்டை கைநழுவி, பந்தைவிடத் தூரம் போனது. வேலிக்கு வெளியே தாய் கண்ணை மூடிக்கொண்டார். அமெரிக்கப் பெண் பேனாவின் மூடியைப் போடத் தொடங்கினாள்.

அண்ணை மெதுவாகப் போய் அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாது, ஆனால் இலக்கம் எல்லா மொழியிலும் இலக்கம்தானே. திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்து சப்பாத்தின் கயிற்றைக் கட்டினேன். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

“தம்பி, இஞ்சை வாரும். நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லும். இது பிழை. நான் போட்டது இருபது. இந்தப் பிள்ளைக்கு மட்டை பிடிக்கத் தெரியாது. தோளுக்கு எழுபது போட்டனான், அது பிழையில்லை. பந்தைக் குடுங்கோ.”

சொன்னேன். மாற்றியது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தன் ஆளைப் பற்றி இப்படி வந்து சொல்லும் ஒருவரை அந்தப் பெண் அதற்குமுன் கண்டிருக்கமாட்டாள். பேனாவை மறுபடி திறந்து, பந்தைக் கொடுக்கச் சொன்னாள்.

அபிரா எறிந்தாள். பிடித்தவளின் கையுறையில் விழுந்த சத்தத்துக்கு மரத்திலிருந்த புறாக்கள் எழும்பின. அமெரிக்கப் பெண் கையிலிருந்த வேகமானியைப் பார்த்தாள், அதைத் தட்டிப் பார்த்தாள், இன்னொன்று எறியச் சொன்னாள். பிறகு இன்னொன்று. இருபது நிமிடம் போனது.

திரும்பும் வழியில், மெத்ரோவில் அண்ணை கேட்டார்: “ஏன் மாத்தினனீர்?”

“பாவமா இருந்தது அண்ணை.”

“தனக்கு மட்டை இருபது எண்டு அவளுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் ஏழு மாசம் வந்தவள். நீர்தான் அவளை நம்பேல்லை.”

அதற்குப் பிறகு மூன்று திங்கட்கிழமை அவர் மாடிக்கு வரவில்லை. நான் தினமும் கீழே போய் மீன் வாங்கினேன். அவர் வெட்டித் தருவார், பேசமாட்டார். “என்னப்பா, வீட்டிலை பூனை வளக்கப்போறமோ?” என்று மனைவி கேட்டாள்.

டிராஃப்ட் முடிந்த மறுநாள் காலை அவர் ஏப்ரனோடு படியேறி ஓடி வந்தார். “எடுத்திட்டாங்கள்! பிள்ளையை எடுத்திட்டாங்கள்!” காத்திருந்த மூன்று பேரும் ஏதோ விசா கிடைத்ததென்று நினைத்து எழும்பிக் கைகொடுத்தார்கள். கடைசிச் சுற்றில், கடைசிக்கு முதல் பெயர் என்று நான் கணினியில் பார்த்துச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

“கடைசிச் சுற்றோ? எழுபது தோளை ஆரும் கடைசிச் சுற்றிலை எடுப்பினமோ? முட்டாள்கள்! எழுதும் தம்பி, கடிதம் எழுதும்!”

இரண்டு பக்கம் சொன்னார். முட்டாள்கள் என்ற சொல் ஐந்து இடத்தில் வந்தது. ஐந்தையும் அப்படியே மொழிபெயர்த்தேன். பதில் வரவில்லை.

அபிரா அமெரிக்காவுக்குப் போய்விட்டாள். மருந்துக்கடை லீவு கொடுத்தது. ஆட்டம் இருக்கும் ஞாயிறு மாலைகளில் நாங்கள் பொண்டியில் தாயின் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடுகிறோம். நடுவில் புள்ளி அண்ணை, ஒரு பக்கம் தாய், மறுபக்கம் நான். அவர் கரண்டியையும் தட்டையும் உப்புப் போத்தலையும் நகர்த்தி நகர்த்தி விளக்குகிறார். தாய்க்கு எல்லாம் விளங்குகிறது. எனக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. தொலைக்காட்சியைப் பார்ப்பதை விட்டு அண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்படியும் விளங்காதுதான்.