சம்பந்தி செய்துவைத்த ஜீப் கல்யாணம்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அந்த ஐந்தாம் வகுப்பிலும் பாதி வருஷம் எருமை மேய்த்தேன். அப்படிப்பட்டவன் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு தகரக் கொட்டகையில் பழைய லேத் ஒன்றைப் போட்டு, கரண்ட் இருந்தால் வேலை, போனால் தூக்கம் என்று தொழிலைத் தொடங்கி, பட்டறை மேல் பட்டறையாக எழுப்பினேன். பாறை என்று எல்லாரும் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டேன். இங்கிலீஷ் தெரியாமலே இங்கிலீஷ்காரன் மெஷினைப் பிரித்துப் பூட்டினேன். கடன் கேட்டுப் போனபோது உட்காரச் சொல்லாத பேங்க் மேனேஜர், பிற்பாடு என் பட்டறைத் திறப்பு விழாவில் முன்வரிசை நாற்காலிக்கு முண்டியடித்தார்.

இத்தனை கெட்டிக்காரனான நானே ஒரே ஒரு ஆள் முன்னால் வாயடைத்து நின்றிருக்கிறேன். செய்த வேலை தப்பு என்று தெரிந்த அடுத்த நொடியே, இதற்காகத்தான் இப்படிச் செய்தேன் என்று ஊரையே நம்ப வைக்கும் திறமை கோயம்புத்தூர் ஜில்லாவில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் பெயர் சம்பந்தி.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது அவருக்கே மறந்திருக்கும். தொண்ணூறுகளில் என் பட்டறைக்கு அடுத்த கொட்டகையில் ஜீப் மெக்கானிக்காக இருந்தார். ஒரு கம்பெனி ஜீப்பின் கியர் பாக்ஸை இன்னொரு கம்பெனி ஜீப்புக்குப் பூட்டுவது, இதன் ஆக்ஸிலை அதற்கு மாட்டுவது, இதுதான் தொழில். அவரைக் கேட்டால் தொழில் என்று சொல்ல மாட்டார். சம்பந்தம் பேசுகிறேன் என்பார். வண்டிதான் மாப்பிள்ளை. புதிதாக வரும் சாமான் பொண்ணு. பல் சக்கரத்தில் பல் எண்ணுவது ஜாதகம் பார்ப்பது. ரிப்பேருக்காக கியர் பாக்ஸைக் கழற்றி வைத்திருந்தால், "அது அம்மா ஊட்டுக்குப் போயிருக்குதுங்க, ஆடி முடிஞ்சு வரும்" என்பார்.

உக்கடம் பழைய இரும்புக் கடைக்கு சாமான் வாங்கப் போகும்போது கரி படிந்த காக்கிச் சட்டையோடு போக மாட்டார். குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, செவ்வாய்க்கிழமை தவிர்த்துப் போவார். பொண்ணு பார்க்கப் போகிறவர் ஆயிற்றே. கியர் பாக்ஸை நாலு பக்கமும் சுற்றி வந்து, தட்டி, காதை வைத்துக் கேட்டு, ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து, "பேச்சு வார்த்தை எப்படிங்க, அடக்கமா இருக்குமா?" என்று கடைக்கார பாயிடம் கேட்பார்.

"சம்பந்தி, அது இரும்பு. வேணும்னா தூக்கு, வேண்டாம்னா வை. முதல்ல டீயக் குடி, ஆறுது."

"அதெப்படிங்க பாய்? முடிவாகாம பொண்ணு ஊட்டுல கை நனைக்க முடியுமா?"

டீயைத் தொட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பாய் அவர் வாயைப் பார்க்க மாட்டார், கிளாசைத்தான் பார்ப்பார்.

கிணத்துக்கடவுத் தேங்காய் வியாபாரி ஒருவரின் சின்ன ஜீப்புக்கு வேறொரு கம்பெனியின் பெரிய கியர் பாக்ஸை இப்படித்தான் கட்டி வைத்தார். எல்லாம் பொருந்திவிட்டது. கியர் கம்பி மட்டும் பக்கத்து சீட்டுக்கு அந்தப் பக்கம் போய் முளைத்திருந்தது. டிரைவர் கிளட்சை மிதிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கியர் போட வேண்டும். வியாபாரி தலையில் கை வைத்தார். சம்பந்தி அசரவில்லை.

"ஏனுங்க, நீங்களும் வூட்டுக்காரம்மாவும் பேசிக்கிறதில்லைன்னு ஊரே சொல்லுது. இனி பேசாம வண்டி நகருங்களா? உங்களுக்காகத்தானுங்க அங்க வெச்சேன்."

அடுத்த மாதம் பொள்ளாச்சி ரோட்டில் அந்த ஜீப்பை நானே பார்த்தேன். "ரெண்டுக்குத் தள்ளு அம்மணி" என்று அவர் கெஞ்ச, "நேத்து என்னைத் திட்டுன வார்த்தைக்கு ஒண்ணுலயே போங்க" என்று அந்தம்மா சொல்ல, வண்டி முனகிக்கொண்டே போயிற்று.

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன். காரமடைக்கு மேற்கே மலையடிவாரத்தில் பழனிச்சாமிக்கு நல்ல தோட்டம், நல்ல வீடு. நல்ல வழிதான் இல்லை. தார் ரோடு ஒரு பள்ளத்தோடு முடிந்துவிடும். பள்ளத்தைத் தாண்டி, கல்லும் மண்ணுமாக ஒரு செங்குத்து மேடு ஏறினால்தான் வீடு. பெண் வீட்டார் வருவார்கள், பள்ளத்துக் கரையில் நிற்பார்கள், மேட்டை அண்ணாந்து பார்ப்பார்கள், ஜாதகம் சரியில்லை என்று திரும்பிவிடுவார்கள். பழனிச்சாமிக்கு முன் மண்டையில் முடி குறைய ஆரம்பித்துவிட்டது.

கடைசியாகக் காங்கேயத்தில் ஒரு இடம் வந்தது. பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்தாயிற்று, இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. பெண் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வாசல் வரைக்கும் வண்டி வரோணும். அவசர ஆத்திரத்துக்கு என்னையக் கட்டில்ல தூக்கிட்டு இறங்குற ஊட்டுக்கு நான் வாரதில்லை." நியாயமான பேச்சு. வீடு பார்க்க அவளுடைய தாய்மாமனும் அத்தையும் வருவதாக நாள் குறித்தார்கள்.

பழனிச்சாமியிடம் அப்பா காலத்துப் பட்டாளத்து ஜீப் ஒன்று இருந்தது. என்ஜின் சிங்கம். பின் சக்கரத்தைச் சுற்ற வைக்கும் ஆக்ஸில்தான் உடைந்து கிடந்தது. கட்டியிழுத்துக்கொண்டு சம்பந்தியிடம் வந்தான்.

"எப்படியாவது மேடு ஏத்திக் குடுத்துருங்கண்ணா. இதுவும் போச்சுன்னா நான் காசிக்குத்தான் போகோணும்."

"காசிக்கு எதுக்கு கண்ணு? உனக்கு முன்னால உன்ற ஜீப்புக்குக் கல்யாணத்த முடிச்சுப்போடறேன், வா."

அந்த ஆக்ஸில் எங்கும் கிடைக்கவில்லை. உக்கடத்தில் பாய் கடையில் வேறொரு கம்பெனியின் புது மாடல் குட்டி ஜீப்பின் ஆக்ஸில் இருந்தது. சம்பந்தி சுற்றி வந்தார், தட்டினார், டீயை எடுத்துக் குடித்துவிட்டார்.

கொண்டு வந்து வைத்துப் பார்த்தால் இரண்டு கோளாறு. என்ஜின் பக்கமிருந்து சுற்றைக் கொண்டுவரும் நீள இரும்புத் தண்டின் துளையும், ஆக்ஸிலின் துளையும் ஒன்றோடொன்று சேரவில்லை. அந்தக் கோளாறைத் தீர்த்தவன் நான். இரண்டுக்கும் நடுவே போட ஒரு கனத்த இரும்புப் பிளேட்டை, ஒரு பக்கம் மாப்பிள்ளை அளவுக்கும் மறுபக்கம் பொண்ணு அளவுக்கும் துளை போட்டு, ஒரு மயிரிழை பிசகாமல் கடைந்து கொடுத்தேன். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கோளாறு, ஆக்ஸிலில் பல் சக்கரம் இருக்கும் பூசணிக்காய் போன்ற உருண்டை. ஜீப்பின் தண்டு வலது பக்கம் வருகிறது, உருண்டையோ இடது பக்கம். சம்பந்தி ஆக்ஸிலை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தார். உருண்டை வலது பக்கம் வந்துவிட்டது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

"ஓட்டிப் பாத்துரலாமுங்க" என்றேன்.

சம்பந்திக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாப் படிச்சவராட்டம் பேசறீங்க லேத்துக்காரரே. முகூர்த்தத்துக்கு முன்னால பொண்ணையும் மாப்பிள்ளையையும் ஒண்ணா ஊர் சுத்த உடுவாங்களா?"

கியர் பாக்ஸில் ரிவர்ஸ் பல் தேய்ந்து போய், போட்டால் நிற்காமல் துள்ளி வந்துவிடும். அதையும் சொன்னேன். "மேடு ஏறப் போற வண்டிக்கு ரிவர்ஸ் எதுக்குங்க?" என்று முடித்துவிட்டார்.

ஆக, யாரும் ஒரு அடிகூட ஓட்டிப் பார்க்காத ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்துப் போய், பள்ளத்துக் கரையில் மேட்டைப் பார்த்து நிறுத்தினோம். காங்கேயத்திலிருந்து கார் வந்தது. தாய்மாமன் எண்ணெய் மில்காரர். அவர் இறங்கியதும் கார் ஒரு சாண் உயர்ந்தது. அத்தை பட்டுப் புடவையில் கண்டிப்பான முகத்தோடு இறங்கினார். இருவரையும் ஜீப்பின் பின்பக்க பெஞ்சில் ஏற்றினோம். எதற்கும் இருக்கட்டும் என்று நான் பின் படியில் தொற்றிக்கொண்டேன். பழனிச்சாமி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

சம்பந்தி நேரம் பார்த்தார். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டார். ஜீப் ஜம்மென்று பின்னால் போயிற்று.

நேரே அவர்களுடைய காரைப் பார்த்துப் போயிற்று. கார் டிரைவர் பீடியை எறிந்துவிட்டு ஓடினான். இடிக்க ஒரு சாண் இருக்கையில் பிரேக் பிடித்தது. டிரைவர் திரும்பி வந்து காரைத் தூரமாக எடுத்து ஓரங்கட்டினான். மறுபடி முதல் கியர், மறுபடி பின்னால். ஆக்ஸிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் சக்கரமும் தலைகீழாகச் சுற்றும் என்பது அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. முன்னால் போவதற்கிருந்த மூன்று கியரும் பின்னால் போகும். முன்னால் போக மிஞ்சியிருந்த ஒரே கியர் ரிவர்ஸ், அதுவோ போட்டால் துள்ளி வந்துவிடும்.

சம்பந்தி முன் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தார். முன் ஆக்ஸில் பழையது, அது ஒழுங்கானது. முன் சக்கரம் மலைக்குப் போக வேண்டும் என்றது, பின் சக்கரம் காரமடைக்குத் திரும்ப வேண்டும் என்றது. இரண்டும் இழுத்ததில் ஜீப் நின்ற இடத்திலேயே குழி தோண்டிற்று. கம்பியைப் பழையபடி தள்ளினார்.

"ஏனுங்க மெக்கானிக்கு," என்றார் மாமன், "இது வண்டிங்களா, கயித்தப் புடிச்சா பின்னால போற கன்னுக்குட்டிங்களா?"

அத்தை இறங்குவதற்காகப் புடவைக் கொசுவத்தைப் பிடித்தார். பழனிச்சாமி முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

சம்பந்தி சாவகாசமாகத் திரும்பி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்.

"உக்காருங்க அம்மணி. மேட்டுல பின்பக்கமாத்தானுங்க ஏறோணும். மொகங்காட்டி ஏறுனா யாரு மொதல்ல ஊட்டப் பாப்பாங்க? வண்டி ஓட்டற நானுங்க. பொண்ணக் குடுக்க வந்தவங்க என்ற முதுகப் பாத்துட்டு வரோணுமுங்களா? மரியாதப்பட்டவங்க மொதல்ல போகோணும், ஓட்டறவன் கடைசில வரோணும். அதுக்குன்னே இந்த வண்டியத் தனியாக் கட்டுனதுங்க."

அத்தை கொசுவத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதும் சரிதானுங்க" என்றார்.

சம்பந்தி பின்னாலேயே ஒரு வட்டம் போட்டு ஜீப்பின் வாலை மேட்டுப் பக்கம் திருப்பினார். பள்ளத்தில் இறங்கினோம். கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்த்தாலும் அவருக்கு மாமனின் வயிறுதான் தெரிந்தது. படியில் நின்ற நான்தான் கண்.

"சோத்தாங்கைப் பக்கம் ஒடிங்க."

"யாரு சோத்தாங்கைங்க? உங்களதா, என்றதா?"

"வண்டியோடதுங்க."

"வண்டிதான் தலகீழா இருக்குதே, லேத்துக்காரரே."

நடு மேட்டில் சக்கரம் சறுக்கிச் சுழன்றது. ஜீப் கீழே நழுவப் பார்த்தது. "மாமா, கோவிச்சுக்காம இன்னும் கொஞ்சம் பின்னாலுங்க" என்றார் சம்பந்தி. எண்ணெய் மில்காரர் நகர்ந்து கடைசி ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தக் கனத்துக்குச் சக்கரம் மண்ணைக் கவ்விற்று. சாமி தேர் மாதிரி அசைந்து அசைந்து ஏறி, வாசலில் போட்ட கோலத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அத்தை இறங்கவில்லை. வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனையோ ஊட்டுக்குப் போயிருக்கறனுங்க. ஊடே எதிர்ல வந்து கூப்பிட்டது இதுதானுங்க" என்றார். பிறகு இறங்கி, "ஒரு டம்ளர் மோர் குடு கண்ணு" என்று, கூடவே மேடேறி ஓடி வந்த பழனிச்சாமியிடம் கேட்டார். கை நனைத்தாயிற்று. பழனிச்சாமி மோருக்கு ஓடியவன் வெறும் டம்ளரோடு திரும்பி வந்து, மறுபடி ஓடினான்.

திரும்பும்போது ஜீப் மூக்கு கீழே பார்த்து நின்றது. நியூட்ரலில் விட்டுப் பிரேக்கிலேயே இறக்கினார். "வாசல்ல வண்டி திருப்பற ரோதனையும் இல்லீங்க பாருங்க" என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஆக்ஸிலைச் சரிசெய்து தருகிறோம் என்று நாங்களே போனோம். பழனிச்சாமியின் மனைவி சம்மதிக்கவில்லை. "இருக்கட்டுமுங்க, எங்கத்தை வந்தா இதுலதான் ஏறோணும்னு சொல்லியிருக்குது" என்றாள். அந்தப் பக்கத்து மலையடிவாரத் தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சம்பந்தியிடம் வந்து, "எங்களுக்கும் அந்தப் பின்னால ஏறுற மாடல்தானுங்க வேணும்" என்று கேட்டுப் போனார்கள்.

கல்யாணப் பந்தலில் சம்பந்திக்குத் துண்டு போர்த்தி, மாமன் கையாலேயே தலையில் உருமாலை கட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். கூட்டம் சூழ நின்று கதை கேட்டது. அவர் என்ஜினைப் பற்றிச் சொன்னார், ஆக்ஸிலைப் பற்றிச் சொன்னார், எண்ணெய் மில்காரரின் கனத்தைப் பற்றிக்கூட மரியாதையாகச் சொன்னார். பிளேட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஏற்றத்தில், அந்தச் சறுக்கலில், அந்தப் பிளேட் விட்டிருந்தால் எல்லாரும் பள்ளத்தில் கிடந்திருப்போம். கல்யாணமும் கிடந்திருக்கும்.

சம்பந்தி இப்போது கிணத்துக்கடவில் மகன் வீட்டில் இருக்கிறார். முழங்கால் மடங்காது, பேச்சு மட்டும் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்க் கேட்கிறேன். "ஏனுங்க சம்பந்தி, அந்தப் பிளேட்டு யாரு கடஞ்சது?"

"பிளேட்டுங்களா? அது பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல நின்ன தரகனுங்க. கல்யாணம் முடிஞ்சா தரகன யாருங்க நெனப்பு வெச்சுக்கறாங்க? உக்காருங்க, சாப்புட்டுப் போலாம்."

அதனால் இதோ அச்சிலேயே கேட்கிறேன். அந்தப் பிளேட்டைக் கடைந்தவன் நான். சம்பந்தி அதை நாலு பேர் முன்னால் தன் வாயால் சொல்லியே ஆக வேண்டும். அவசரமில்லை. இந்த ஞாயிறு சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு சொல்லட்டும். அவர் மெதுவாகவே சொல்லட்டும், நான் வந்து கேட்டுக்கொள்கிறேன்.